சாக்ஸ் பந்தும் பதினேழு ரன்னும்

ராஜகீழ்ப்பாக்கம்,
8.12.2025

அன்புத் தம்பி ஜாய்சனுக்கு,

அக்கா அமலராணி எழுதுறேன். ஆண்டவர் கிருபையில் நானும் உன் அத்தான் சத்தியநாதனும் சுகம். உன் சுகத்தை மட்டும் உன் மகள் ஜெரூஷாகிட்டே விசாரிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. மூணு வருஷமா என் நம்பரை ப்ளாக் பண்ணி வச்சிருக்கே. தபால்காரரை எப்படி ப்ளாக் பண்றேன்னு பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வர்றேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நம்ம குடும்ப மேட்ச். உன் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற காலி மனையில் இருபத்திரண்டு வருஷமா ஆடுறோம். கடைசி ரெண்டு வருஷம் நீ ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்துட்டே. பந்து உன் காம்பவுண்டுக்குள்ளே விழுந்தா, முகத்தைக் காட்டாம சுவருக்கு மேலே தூக்கி எறிஞ்சே. ஐம்பத்தாறு வயசு ஆளு செய்யற வேலையாடா அது? இந்த வருஷம் நீ மட்டையைப் பிடிக்கிறே. ஸ்கோர் புக்கில் உன் பேரை முதல் பேரா எழுதிட்டேன்.

உன் மேல் கோபமில்லாத,
அமலராணி அக்கா


கூடுவாஞ்சேரி,
13.12.2025

அக்காவுக்கு,

மனையில் முழங்கால் வரைக்கும் தண்ணி. நேத்து ஒரு எருமை அதில் சுகமாப் படுத்திருந்தது. வேணும்னா அதை ஓப்பனிங் இறக்கு. மாசக் கடைசி வரைக்கும் மழைதான்னு நியூஸ்ல சொல்றாங்க. அதனால மேட்ச் கிடையாது.

மழை இல்லைன்னாலும் நான் வரமாட்டேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி, பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு அந்த மேட்ச்லதான் மட்டையைத் தொட்டேன். பதினேழு ரன் எடுத்திருந்தேன். ரெண்டாவது ரன்னுக்கு ஓடி வந்து, மட்டை கோட்டுக்குள்ளே ஒரு சாண் வந்தப்புறம்தான் ஸ்டம்ப் விழுந்தது. ஜெரூஷாவைக் கட்டின புது மாப்பிள்ளை எபி உட்பட எல்லாரும் பார்த்தாங்க. அம்பயர் நீ விரலைத் தூக்கினே. இவன் கதை இவ்வளவுதான்னு எல்லார் முன்னாடியும் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அது அவுட் இல்லைன்னு ஒத்துக்கோ, அப்புறம் பேசலாம்.

ஜாய்சன்


ராஜகீழ்ப்பாக்கம்,
17.12.2025

அன்புத் தம்பிக்கு,

மழையாம் மழை! முப்பத்தொரு வருஷம் பி.டி. டீச்சரா இருந்தேன். மழைன்னு ஒரு பீரியடைக்கூட விட்டதில்லை. வானம் இருட்டினாப் போதும், கணக்கு மிஸ் நோட்டைத் தூக்கிக்கிட்டு என் பீரியடைக் கேட்டு வந்து நிப்பாங்க. பிள்ளைங்க முகம் தொங்கிப் போகும். நான் பேசாம பீரோவைத் திறந்து சாக்ஸ் பந்தை எடுப்பேன். பழைய சாக்ஸுக்குள்ளே கந்தல் துணியை அடைச்சு நானே தைச்சது. அவ்வளவுதான், கணக்கு மிஸ் திரும்பிப் போயிடுவாங்க.

மேட்ச் என் வீட்டு ஹாலில். பரீட்சை அட்டைதான் மட்டை. நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் ஆடணும், எழுந்தா அவுட். ஓட்டமே கிடையாது. சுவரில் பட்டா ஒண்ணு, திரைச்சீலையில் பட்டா ரெண்டு, சமையலறைக்குள்ளே போனா நாலு. ஃபேனில் பட்டா அவுட், அதோட எல்லாருக்கும் டீ போட்டுத் தரணும். நேத்து ஒத்திகை பார்த்தோம். அத்தான் ஓங்கி அடிச்சது நேரா குழம்புச் சட்டிக்குள்ளே போச்சு. ராத்திரி ரசம் சாதம்தான்.

நீ கேட்ட விஷயம். நான் விரலைத் தூக்கினா தூக்கினதுதான். இறக்கின பழக்கம் கிடையாது.

அமலராணி அக்கா


கூடுவாஞ்சேரி,
20.12.2025

அக்கா,

உன் லெட்டரை ஜெரூஷா வாசிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை. எழுந்தா அவுட், ஓட்டமே கிடையாது. இந்த நாற்காலி மழைக்கா, எனக்கா? தினமும் நடக்கிறேன், தெரியுமா? மழைன்னா ஹாலுக்கும் சமையலறைக்குமா நாலாயிரம் அடி நடக்கிறேன். டாக்டரே சபாஷ்னு சொன்னார்.

இதை எழுதும்போதே ஒண்ணு தோணுது. அன்னிக்கு நீ தூக்கின விரலும் இந்த நாற்காலி மாதிரிதானா? சுத்தி வளைக்காம பதில் எழுது.

ஜாய்சன்


ராஜகீழ்ப்பாக்கம்,
22.12.2025

என் தம்பிக்கு,

சீக்கிரம் கிடைக்கணும்னு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புறேன்.

ஆமாம், நீ அவுட் இல்லை. உன் மட்டை உள்ளே வந்ததை எல்லாரையும் விடப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்தான். மட்டையை மட்டும் பார்க்கலை. உன் உதடு வெளுத்திருந்தது. இடது கையால் நெஞ்சைப் பிடிச்சிருந்தே. போதும்டான்னா நிறுத்துற ஆளா நீ? இன்னும் ரெண்டு ரன் ஓடியிருப்பே. என்னோட பேசாட்டிப் போறே, உயிரோட இருந்தாப் போதும்னு தூக்கிட்டேன். பயந்துட்டேண்டா. நான் கொடுத்த ஒரே பொய் அவுட் அது. உன்னைக் கேட்காம உனக்காக முடிவு பண்ணினேன். அதைவிட, மூணு வருஷம் அதை உன்கிட்டே சொல்லாம வீராப்பா இருந்தேன். தப்புதான், மன்னிச்சிடு.

நாற்காலி மழைக்குத்தான். ஹாலில் ஓடினா டி.வி. மிஞ்சாது. பள்ளிக்கூடத்திலும் இதே சட்டம்தான், வேணும்னா கணக்கு மிஸ்ஸைக் கேட்டுப் பாரு. ஸ்கோர் புக்கில் சிவப்பு மையில் திருத்தியாச்சு: ஜாய்சன், 17, நாட் அவுட். மிச்சத்தை வந்து ஆடு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டாஸ்.

வழி பார்த்திருக்கும்,
அக்கா


கூடுவாஞ்சேரி,
27.12.2025

அன்பு அக்காவுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தோம். தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடிக்கிறதுக்குள்ளே நனைஞ்சதால் அத்தான் சட்டையில் ஆட வேண்டியதாப் போச்சு. துவைச்சு ஜெரூஷாகிட்டே கொடுத்து விடுறேன். வெளியே கொட்டு கொட்டுன்னு கொட்டினது எங்க யார் காதிலேயும் விழலை. சிரிச்ச சிரிப்பில் இன்னும் வயிறு வலிக்குது. எபி ஃபேனில் அடிச்சுட்டுப் போட்ட டீயை டீன்னு சொல்ல முடியாது.

ஒரு விஷயம் மனசிலேயே நிக்குது. பதினேழில் ஆரம்பிச்சு முப்பத்தாறுக்கு வந்துட்டேன். எபி போட்ட பந்தை ஓங்கி அடிச்சேன். நேரா அத்தான் மடியில் விழுந்தது. சுத்தமான கேட்ச். எல்லாரும் உன்னைப் பார்த்தாங்க. நீ ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, "சந்தேகமா இருக்கே"ன்னு ஃபேனைப் பார்த்துக்கிட்டு நின்னே. என்ன சந்தேகம் அக்கா? நானே எழுந்து போய் சோபாவில் உட்கார்ந்தேன்.

எனக்கு மூச்சு வாங்கலை. நெஞ்சு வலிக்கலை. நல்லா இருக்கேன். முடியலைன்னா நானே வாயைத் திறந்து சொல்றேன், அது என் பொறுப்பு. அவுட்னா நீ விரலைத் தூக்கணும், அது உன் பொறுப்பு.

ஸ்கோர் புக்கில் எழுதிடு: ஜாய்சன், கேட்ச் சத்தியநாதன், பௌல்டு எபி, 36. கீழே அம்பயர் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பு. உன் நம்பருக்கு இருந்த ப்ளாக்கை எடுத்துட்டேன்.

உன் தம்பி,
ஜாய்சன்