மூன்று முறை ஆட்டிய முழங்கை

நேற்றைய சைக்கிள் ரேஸில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. இன்று காலை தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் என் மனைவி தைலக் குப்பியைத் திறந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூடு அதை" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்? கத்த வேண்டியது உன்னிடம். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

இந்தப் பேயை என் தலையில் ஏற்றிவிட்டவன் நீ. வளைகுடாவிலிருந்து எல்லாரும் நகையும் டிவியும் கொண்டுவருவார்கள். நீ ஒல்லி டயர் சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தாய். பாபநாசத்தில் இரும்புக்கடையும் தொப்பையுமாக நிம்மதியாக இருந்தவன் நான். "டேய் பாய், நாப்பத்தெட்டு வயசாச்சு, இன்னும் எதுக்குடா உடம்ப சேத்து வைக்கிற? ஏறுடா" என்றாய். பள்ளிக்கூடத்திலிருந்து நீ சொன்னதை நான் தட்டியதில்லை.

வாய்க்கால்கரை ரோட்டில் பாதிக்கு நெல் காயும். மீதிப் பாதியில் ஒருவன் பின்னால் ஒருவனாக ஓட்டினோம். முன்னால் போகிறவன் காற்றை எதிர்த்து மிதிப்பான், ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். முன்னவன் களைத்தால் முழங்கையை ஆட்டுவான். உடனே பின்னவன் முன்னால் போக வேண்டும். "அத மட்டும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துராதடா, அசிங்கம்" என்பாய்.

நீ கடைசியாக ஓட்டிய ரேஸ் தஞ்சாவூருக்கு வெளியே, வயலை நிரவி மனை போட்டிருந்த இடத்தில். வீடு ஒன்றுகூட வரவில்லை, தார் ரோடு மட்டும் புதிதாகக் கிடந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் வளையத்தில் இருபது சுற்று. கடைசிச் சுற்றுக்குக் கும்பகோணத்துப் பித்தளை மணி அடிப்பார்கள். நீ பக்கத்தில் வந்து நின்றதும் தைல வாசனை குப்பென்று அடித்தது.

"என்னடா இது?"

"தோள்ல சதைப்பிடிப்பு. வீட்ல தேச்சு விட்டா."

முகம் வெளிறியிருந்தது. சோடாவைக் குடித்துவிட்டு நெஞ்சை நீவிக்கொண்டாய். வேண்டாம், உட்காரு என்றேன். "வெறும் கேஸ் ட்ரபுள்டா. என் பின்சக்கரத்த ஒட்டியே வா. கடைசி சுத்துல உன்ன முன்னால விடுறேன்" என்றாய். நானும் சும்மா இருந்துவிட்டேன். ஏன் தெரியுமா? முதலாவதாக வருகிறவனுக்குக் கொடுக்கும் அந்த ஷீல்டு எனக்கு வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேண்டியிருந்தது.

சுற்றுக்குச் சுற்று உன் தைல வாசனை காற்றில் என் முகத்துக்கே வந்துகொண்டிருந்தது. பதினாறாவது சுற்றில் முழங்கையை ஆட்டினாய். பார்த்தேன். போகவில்லை. அடுத்த சுற்றிலும் ஆட்டினாய். மூன்றாவது முறை ஆட்டிவிட்டுத் திரும்பியே பார்த்தாய். நான் கியரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். மணி அடித்தது. உன்னைத் தாண்டிப் பாய்ந்து இரண்டாவதாக வந்தேன்.

நீ கடைசியாக வந்து ஒரு மனைக்கல்லில் உட்கார்ந்தாய். "ரெண்டாவதா? பரவால்லடா பாய்" என்றாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? மறுநாள் காலை கொல்லையில் பல் தேய்க்கும்போது விழுந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபின் உன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அவருக்கு ஒரு வாரமாவே வலிங்க. டாக்டர்ட்ட போவோம்னேன். பாய் பாத்துட்டான், வெறும் சதைப்பிடிப்பு, தைலம் போதும்னு சொல்லிட்டான்னாரு. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நானும் விட்டுட்டேன்."

ஒரு வாரமா? எனக்குத் தெரிந்ததே அந்தக் காலையில்தானே! அவளை ஏமாற்ற உனக்கு என் பேர்தான் கிடைத்ததா? நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், அன்றைக்கு ரேஸில் என்ன நடந்தது என்று கேட்பாள். அந்த முழங்கை கண்முன்னே வந்து நின்றது.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன். தப்பாப் போச்சு."

அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தாள். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் எவன் முழங்கையை ஆட்டினாலும் நான் முன்னால் போய்விடுகிறேன். ஆட்டாவிட்டாலும் போகிறேன். "பாய்க்கு இன்னும் ரேஸ் பிடிபடல" என்று சிரிக்கிறார்கள். நேற்று பதினோரு சுற்று முன்னால் நின்று எதிர்காற்றை வாங்கினேன். கடைசியாக வந்தேன். முழங்கால் போனது அப்படித்தான்.

குப்பியைத் திரும்பத் திறக்கச் சொன்னேன். மனைவி தேய்த்துவிட்டாள். வீடெல்லாம் உன் வாசனை. சட்டையை மாட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன், எழுதி முடித்ததும் உன் வீட்டுக்குத்தான் போகிறேன். முதலில் உன் பொய்யைச் சொல்வேன். நீ போய்விட்டாய் என்பதற்காக அதை நான் மூடி வைக்கப்போவதில்லை. அப்புறம் அந்த மூன்று சுற்றையும் ஒன்று விடாமல் சொல்வேன். இந்தத் தடவை காபி வராது. தெரிந்துதான் போகிறேன்.