பலாச்சுளையும் புல்டோசர் பரீட்சையும்

இன்று காலை மருமகள் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை அரிந்தாள். கத்தியில் எண்ணெய் தடவி அவள் பழத்தைப் பிளந்ததும் வாசனை வீடு முழுக்க ஏறிவிட்டது. கிண்ணம் நிறையச் சுளை கொண்டுவந்து வைத்தாள். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். "ஏன் மாமா, பிடிக்காதா?" என்று கேட்டாள். ரொம்பப் பிடிக்கும் என்றேன். அளவில்லாமல் பிடித்துப்போன ஒரு நாளில்தான் நீ எனக்குக் கிடைத்தாய் என்பதை அவளிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உன்னிடம் பேசுவது, நண்பா, எனக்கு எப்போதுமே சுலபம். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான் இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெளியே வர ஆரம்பித்த புதிது. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஒருவரின் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். மழை ஏமாற்றியதில் அவர் டிராக்டரையே விற்றுவிட்டார். அப்பா இல்லாத வீடு, கல்யாணத்துக்கு நிற்கும் தங்கச்சிகள். புல்டோசர் ஓட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பரீட்சைக்கு வா என்று தகவல் வந்தபோது அம்மா என் தலையைத் தடவி, "இது மட்டும் கெடச்சிட்டா நாம பொழச்சிக்கிடுவோம்ல" என்றாள். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் ரயில் ஏறினேன்.

ரயில் மாறி மாறிப் பண்ருட்டியில் இறங்கியபோது நல்ல வெயில். முந்தின நாளிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. கடைத்தெரு முழுக்கப் பலாப்பழக் குவியல். எங்கள் ஊரில் ஒரு சுளையைக் கண்ணில் காட்டி மறைத்துவிடுவார்கள். இங்கே கடைக்காரர் பாதிப் பழத்தை அப்படியே என் முன்னால் தள்ளினார். தின்றேன். இன்னும் தின்றேன். அதன் மேல் குழாயடியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நெய்வேலி பஸ்ஸில் ஏறினேன்.

காடாம்புலியூர் தாண்டுவதற்குள் வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தேன். பிறகு மானத்தை விட்டுக் கத்தினேன். "அண்ணே, வண்டிய நிறுத்துங்கண்ணே, ஒரு நிமிஷம்!" பஸ் முழுக்கச் சிரித்தது. நின்ற பஸ்ஸிலிருந்து குதித்து முந்திரிக் கொல்லைக்குள் ஓடினேன். உள்ளே இருக்கும்போதே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. என் பை அதில் இருந்தது. மாற்று வேட்டி, சர்டிபிகேட், கைச்செலவுக்காக அம்மா தந்தது எல்லாம் அதில்தான். உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன்.

வெளியே வந்து பார்த்தால் ரோட்டோரம் ஒருத்தன் என் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். என் வயசுதான். கறுத்த, ஒல்லியான ஆள். நீ.

"வந்துட்டீங்களா? டிரைவர் நிக்கமாட்டேன்னுட்டான். பைய எடுத்துகினு நானும் எறங்கிட்டேன்" என்றாய்.

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்குள் மறுபடியும் ஓட வேண்டியதாகிவிட்டது. நான் திரும்பி வரும் வரைக்கும் நீ நகரவில்லை. சிரிக்கவும் இல்லை. எங்கே போகிறேன் என்று கேட்டாய். சொன்னேன். உன் முகம் ஒரு கணம் மாறியது.

"நானும் நாளைக்கு அந்தப் பரீட்சைக்குத்தான் வரேன்."

எத்தனை பேரை எடுப்பார்கள் என்று இருவருக்குமே தெரியாது. ஒருவன் குறைந்தால் மற்றவனுக்கு நல்லது என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். நீ என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இப்டியே நெய்வேலி போய் இன்னா பண்ணுவீங்க? எங்க வூடு கிட்டத்துலதான். வாங்க" என்றாய். நான் அடி எடுத்து வைத்ததும் நீயே நின்றாய். "ஒண்ணு சொல்லிடறேன். எங்க தெரு ஊருக்கு வெளிய இருக்குது. தெரிஞ்சிகினு வாங்க."

எங்கள் ஊரில் அப்படி ஒரு தெருவுக்குள் நான் கால் வைத்ததே கிடையாது. வைத்தால் அம்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த ரோட்டில் அந்த வெயிலில் என்னைப் பார்த்து வாங்க என்றவன் நீ ஒருவன்தான். "நடங்க, போவோம்" என்றேன்.

உன் அம்மா முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டைப் பால் பட்டு விரல்களெல்லாம் கறுத்திருந்தன. விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டார். ஆனால் கஞ்சியை வடித்த பிறகு குவளையை என்னிடம் நீட்டவில்லை. உன் பக்கம் திரும்பி, "நம்ம வூட்ல குடிப்பாராடா? கேளு" என்றார்.

"குடுங்கம்மா" என்று நானே கையை நீட்டினேன்.

உப்புப் போட்ட வடிகஞ்சி. ஒரே மூச்சில் கவிழ்க்கப் போன என்னைத் தடுத்தார். "மடமடன்னு ஊத்திக்காத தம்பி, வந்த வழியே போயிடும். கொஞ்சங் கொஞ்சமா உள்ள எறக்கு." கொல்லைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் இன்னொரு குவளை தயாராக இருந்தது. கோபப்படாமல், முகம் சுளிக்காமல் தந்துகொண்டே இருந்தார். என்னிடம் இருந்த ஒரே கால்சட்டையை நீ துவைத்து முந்திரிக் கிளையில் காயப்போட்டாய். அதன் பக்கத்தில் இன்னொரு கால்சட்டை காய்ந்தது. பரீட்சைக்காக நீ அன்று பண்ருட்டியில் யாரிடமோ இரவல் வாங்கி வந்தது.

சாயங்காலம் வயிறு கொஞ்சம் அடங்கியதும் உன் கதையைச் சொன்னாய். சுரங்கத்தில் காண்ட்ராக்டில் மண் அள்ளப் போனது, வண்டி துடைக்கும் வேலைக்கு மாறியது, ஒரு மலையாளி ஆபரேட்டர் சாப்பாட்டு நேரத்தில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது. "இது கெடைக்கலன்னா மறுபடியும் முந்திரிக் கொல்லக்காரர் கிட்ட போய்க் கைய கட்டிகினு நிக்கணும்" என்றாய். என் அம்மாவின் சொல்லும் உன் சொல்லும் ஒன்றாகத்தான் எனக்குக் கேட்டன.

மறுநாள் காலை சோடா பாட்டிலில் கஞ்சியை ஊற்றித் துணியால் அடைத்துக் கொடுத்தார் உன் அம்மா. பரீட்சை மைதானத்தில் எங்கெங்கிருந்தோ வந்த ஆட்கள். நடுவில் மஞ்சள் புல்டோசர், பக்கத்தில் மண்மேடு. போட்ட கோட்டிலிருந்து விலகாமல் மேட்டைத் தள்ளிச் சமப்படுத்த வேண்டும். எனக்கு அடுத்த பெயர் உன்னுடையது. வயிறு அமைதியாகத்தான் இருந்தது. எனக்கு முந்தின ஆள் ஏறி இன்ஜின் உறுமியதும், பயத்திலோ என்னவோ, மறுபடியும் பிசைந்தது. உன்னைப் பார்த்தேன். நீ தலையை மட்டும் அசைத்தாய். ஓடினேன்.

அதன் பிறகு நடந்ததை வரிசையில் நின்றவர்கள் எனக்குப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. "அடுத்த ஆள் ஏறு" என்றார் இன்ஜினியர். அடுத்த ஆள் நீ. நீ ஏறவில்லை.

"வந்துகினு இருக்காருங்க சார். வயித்துக்கு முடியல. இப்ப வந்துடுவாரு."

"உன்னத்தான் ஏறச் சொல்றேன்."

"அவரு ஓட்டட்டும் சார். அப்பறம் நான் ஏறறேன்."

"ஏறலைன்னா ரெண்டு பேர் பேரையும் அடிச்சிடுவேன்."

 நீ இடத்தை விட்டு அசையவில்லையாம். "அவ்ளோ தூரத்துலருந்து வந்திருக்காரு சார்" என்று மட்டும் சொன்னாயாம். அப்போதுதான் நான் மைதானத்தின் ஓரத்தில் தெரிந்தேன். முந்தின நாளிலிருந்து ஒவ்வொரு பேச்சுக்கும் 'ங்க' போட்ட நீ, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாய்: "ஓடியாடா! டேய், ஓடியா!"

ஓடி வந்து ஏறினேன். இன்ஜின் அதிர்வு இருக்கை வழியாக வயிற்றில் இறங்கியது. நீ எதை விட்டுக்கொடுக்கத் துணிந்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. உன் சத்தம் மட்டும் காதில் இருந்தது. லீவரைப் பிடித்தேன். கரிசல் மண்ணில் நேர்கோடு பிடித்துப் பழகிய கை ஏமாற்றவில்லை. மண்மேடு மொத்தமாக முன்னே நகர்ந்தது. இறங்கும்போது இன்ஜினியர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வயிறு சரியா இருந்தா இன்னும் என்னய்யா பண்ணியிருப்ப?" என்றார். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்து நீ ஏறினாய். இரவல் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தாய். நீ வண்டியைத் திருப்பிய விதத்தில், பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் ஒருவர் தன்னை மறந்து கைதட்டினார். தேர்வானவர்களின் பெயரை மத்தியானம் வாசித்தார்கள். என் பெயர் வந்தது. உன் பெயர் வரும் வரைக்கும் வாசித்தவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். "வயித்த அமுக்காதடா!" என்று நான் கத்தியது இன்னும் நினைவிருக்கிறது.

அன்று உன் வீட்டில் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். மூன்று நாள் பசி என் இலையில் வந்து உட்கார்ந்தது. உன் அம்மா பயந்து பயந்து பரிமாறினார். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஒரே ஷிப்ட், ஒரே பிளாக், அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். பர்மனென்ட் ஆன மாதம் உன் அம்மாவை அழைத்து வந்தாய். அவர் குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். "யாரையும் கேக்க வேணாமா?" என்றார். வேணாம்மா என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். என் அம்மாவும் ஊரிலிருந்து வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.  வந்த மறுநாள் காலை நேராக உங்கள் சமையல்கட்டுக்குப் போய் உட்கார்ந்து, "எம் புள்ளைக்கு ஊத்துன கஞ்சிய எனக்கும் ஒரு வாய் குடு தாயி" என்றாள்.

போன கார்த்திகையில் உன்னைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. இதையெல்லாம் எழுதும்போதுதான் வருகிறது. ஆனால் இது துக்கம் மட்டும் இல்லை.

வேலையின் கடைசி வருஷங்களில் புது ஆட்களுக்குப் பரீட்சை வைக்கும் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள் அல்லவா? பெயரைக் கூப்பிட்டு ஆள் வராமல் போகும் நேரங்கள் வரும். நான் அடுத்த பெயருக்குப் போகமாட்டேன். வரிசையை நிமிர்ந்து பார்த்து, "இந்த ஆள யாராவது பாத்தீங்களா?" என்று கேட்பேன். பக்கத்தில் இருந்தவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். நான் காத்திருப்பேன். வரிசையில் எங்கிருந்தாவது ஒரு கை உயரும். ஒருவன், கூப்பிட்டவனுக்குப் போட்டியாக வந்தவன்தான், "இருங்க சார், இட்டுகினு வரேன்" என்று ஓடுவான். ஒவ்வொரு முறையும் ஓடினார்கள்.