கடைசி சீட் வரை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

மனாமா பள்ளிக்கூடத்தில் எனக்கு பஸ் டியூட்டியும் தந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை டிரைவர் "கலாஸ், டீச்சர்" என்றார்; முடிந்தது என்று அர்த்தம். எல்லாப் பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள் என்று நம்பி நானும் இறங்கினேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது சின்ன மேனுஜாவைக் காணவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், பூட்டிய பஸ்ஸின் கடைசி சீட்டில் வேர்த்து நனைந்தபடி நித்திரை. எழுப்பியதும், "ஸ்கூல் ஓவரா, மிஸ்?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். இந்த வெயிலில் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்பதை மட்டும் எழுத வரவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. போன் எடுங்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் வைத்துவிடாதீர்கள், நீங்கள் சமைக்கிற சத்தம் கேட்டாலே போதும்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். இப்போதெல்லாம் கடைசி சீட் வரை போய்ப் பார்க்கிறேன். படிக்கு வந்ததும் திரும்பவும் போகிறேன். ஒருவரும் இல்லையென்று தெரிந்தும் இறங்க முடியவில்லை, அம்மா.

உங்கள் மகள்,
சிவரூபி