ரோஸ்மேரியின் விரலும் நான் கொடுத்த ஊசிமுனையும்

6.2.2006, திங்கள்

இன்று முதல் நான் டாக்டர். படித்தது பத்தாவது, அதிலும் விஞ்ஞானம் தட்டுத்தடுமாறி.

எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் கம்பெனியிலிருந்து இந்த மாதம் சோதனைக்கு வருகிறார்களாம். முதலுதவி தெரிந்த ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். எங்கள் முதலிபாளையம் பனியன் கம்பெனியில் ஊர்க்கதை பேசிக்கொண்டு சும்மா இருப்பது செக்கிங் சூப்பர்வைசர் சித்ராதேவியாகிய நான்தான் என்று முதலாளி மகுடேஸ்வரனுக்குத் தோன்றியிருக்கிறது. தப்பில்லை. ஒரு மண்டபத்தில் பகல் முழுக்கப் பயிற்சி. மதியம் பிரியாணி போட்டார்கள், அதற்குப் பிறகு சொன்னதில் பாதி கேட்கவில்லை.

ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள். என் கனத்த உடம்புக்கு நான் அமுக்கியதும் உள்ளே ஏதோ முறிந்த சத்தம். பயிற்சி கொடுத்தவர் பொம்மையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அம்மா, இவரு பிழைக்க வேண்டிய ஆளுங்க" என்றார்.

9.2.2006

சுவரில் என் போட்டோவை ஒட்டிவிட்டார்கள். கையில் முதலுதவிக்கான பச்சைப் பட்டை. கழற்றக் கூடாதாம். கழிப்பறைக்குப் போனாலும் பட்டையோடுதான்.

போட்டோவுக்குக் கீழே மருந்துப் பெட்டி. பெட்டிக்குப் பூட்டு. சாவி மேனேஜர் மாரப்பனிடம். "தெறந்து வெச்சா பிளாஸ்டர் பூராவும் ஊட்டுக்குப் போயிருமுங்கக்கா. சோதனைக்கு வர்றவங்க பாக்கறப்பப் புதுசா இருக்கோணும்ல" என்கிறான். ஆக, என் ஆஸ்பத்திரியில் இருப்பது பனியன் வேஸ்ட் துணி, குழாய்த் தண்ணீர், அப்புறம் என் வாய்.

அயர்னிங் மாஸ்டர் பொன்னுச்சாமி கையைச் சுட்டுக்கொண்டு, அதன் மேல் பற்பசையை அப்பிக்கொண்டு வந்தார். கழுவிவிட்டுக் குழாய்க்கு அடியில் நீட்டச் சொன்னேன். "பேஸ்ட்டே குளுகுளுன்னுதாங்க இருக்குது" என்று முனகினார். "அப்ப பல்லுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேயுங்க" என்றேன். ரொம்ப நேரம் தண்ணீரில் பிடித்திருந்தார். கொப்புளம் வரவில்லை. இன்றே எனக்குத் தலை கனத்துவிட்டது.

14.2.2006

மூக்கில் ரத்தம், தலைசுற்றல், மாமியார் திட்டியதால் வந்த நெஞ்செரிச்சல் என எல்லாம் என்னிடம்தான் வருகிறது. கடைசிச் சீக்குக்கு மட்டும் மருந்து கைவசம் உண்டு: என் மாமியார் கதையைச் சொன்னேன், வந்தவள் தெளிந்து எழுந்து போனாள்.

20.2.2006, திங்கள்

என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

நாங்கள் தைப்பது குழந்தைகள் சட்டை. மிஷின் ஊசி உடைந்தால் ஒரு துணுக்கு விடாமல் கிடைக்க வேண்டும். தையலுக்குள் தங்கிவிட்டால் எங்கேயோ ஒரு குழந்தையைக் குத்தும். அதனால் துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசியாகக் காட்டினால்தான் மாரப்பன் புது ஊசி கொடுப்பான். அதுவரை தையல் லைன் நிற்கும். லைன் நின்றால் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு வயிறு எரியும்.

இன்று ரோஸ்மேரியின் விரலில் ஊசி இறங்கி உடைந்தது. சாத்தான்குளம் பக்கத்துப் பெண், எங்கள் லைனிலேயே வேகமான கை. அடித்துண்டு மிஷினில் இருந்தது, நடுத்துண்டு மேஜையில். முனையைக் காணோம். காந்தத்தைக் கட்டிய குச்சியோடு எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். ரத்தத்தைத் துடைத்தபோது அவள் விரல் நுனியில், தோலுக்கு அடியில், ஒரு கறுப்புப் புள்ளி. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"எக்கா, சொல்லிராதீய. சோதனை வார நேரத்துல ஆக்ஸிடென்ட் பண்ணிட்டேன்னு வேலைய விட்டு நிறுத்திருவாவ."

பின்னாலிருந்து ஒருத்தி, "ஏ ரோஸ்மேரி, உன் ஒத்த வெரலுக்கு நாங்க அம்புட்டுப் பேரும் பட்டினி கெடக்கணுமா?" என்றாள். மாரப்பன், "முனை இல்லீன்னா இன்னிக்குத் தெச்ச லாட் பூராப் பிரிச்சுப் பாக்கோணுமுங்கக்கா" என்று தலையைப் பிடித்துக்கொண்டான்.

நான் என்ன செய்தேன்? என் டேபிளுக்குப் போனேன். டிராயரில் கிடந்த பழைய ஊசியின் முனையை ஒடித்தேன். தவழ்ந்துகொண்டே வந்து, "இந்தா கெடச்சிருச்சு" என்று நீட்டினேன். லைன் ஓடியது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கொஞ்ச நேரம் எனக்கே பெருமையாக இருந்தது, அதைத்தான் எப்படி எழுத.

குத்தி உள்ளே நிற்பதை நோண்டாதே, அசையாமல் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பு — பயிற்சியில் சொன்னது. நோண்டவில்லை. கட்டினேன். அனுப்புவது? எக்ஸ்ரேயில் முனை தெரியும். அப்படியென்றால் நான் கொடுத்தது எது என்று கேட்பார்கள்.

22.2.2006

ரோஸ்மேரியைப் பக்கத்துக் கிளினிக்குக்கு டி.டி. ஊசி போட அழைத்துப் போனேன். "துரு ஆணி குத்திருச்சுங்க" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். புளுகுவதற்கும் பயிற்சி கொடுத்திருக்கலாம்.

விரல் வீங்கிவிட்டது. "விண்ணுவிண்ணுன்னு தெறிக்கி எக்கா." கையைத் தூக்கியே வைத்துக்கொள் என்றேன். டீ நேரத்தில் தூக்கிக்கொண்டு நின்றாள். "என்ன ரோஸ்மேரி, பஸ்ஸ நிறுத்துறியா?" என்று கேட்டு எல்லோரும் சிரிக்க, அவளும் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

வீட்டுக்காரர் ஆறுச்சாமியிடம் சொன்னேன். இரண்டு வாரமாக, "டாக்டரம்மா, காப்பித்தண்ணி கெடைக்குங்களா" என்று கேலி பேசிய மனுசன் இன்று தானே காப்பி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அப்புறம், "சொல்லிப்போடு" என்றார்.

"சொல்லிப்போட்டு? உங்க தறி நின்னதுல இருந்து ஏஞ் சம்பளத்துலதான் ஒல கொதிக்குது, தெரியுமல்ல?"

சொன்னால் என் வேலை. சொல்லாவிட்டால் அவள் விரல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

24.2.2006, வெள்ளி

வந்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரர், சென்னையிலிருந்து ஒரு அம்மாள். மருந்துப் பெட்டி இன்று திறந்திருந்தது. அந்த அம்மாள் என் பட்டையைப் பார்த்து, "விரலில் ஊசி குத்தி உள்ளே உடைந்துவிட்டால் என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

ஒப்பித்தேன். நோண்ட மாட்டேன், கட்டுவேன், உடனே அனுப்புவேன். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒப்பித்திருந்தால் நிஜமாகவே டாக்டராகியிருப்பேன். மூன்று மிஷின் தள்ளி ரோஸ்மேரி கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தப்பித்துவிட்டேன்.

அவர்கள் டீ குடிக்க முதலாளி அறைக்குப் போனதும் அவளிடம் போனேன். உடம்பு அனலாய்க் கொதித்தது. கட்டைப் பிரித்தால் வாடை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோட்டைப் பற்றிப் பயிற்சியில் சொன்னது, பிரியாணிக்கு முன்பா பின்பா தெரியவில்லை, எப்படியோ காதில் விழுந்திருந்தது: கோடு ஏறினால் காத்திருக்காதே.

அறைக்குள் போனேன்.

"மொதலாளி, வண்டி வேணுமுங்க."

"அம்மிணி, பெரியவங்க இருக்கறாங்க. அப்பறம் பேசிக்கலாமுங்க."

"அப்பறம்னா கை போயிருமுங்க. ரோஸ்மேரி வெரலுக்குள்ள ஊசிமொனை கெடக்குது. திங்கக்கெழமைல இருந்து."

மாரப்பன் பதறினான். "மொனைதான் கெடச்சுதே. நீங்கதானுங்கக்கா குடுத்தீங்க."

"அது வேற ஊசி."

வெள்ளைக்காரர் என்னவென்று கேட்டார். சென்னை அம்மாள் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். முதலாளியின் முகத்தில் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த சிரிப்பு, எடுக்க மறந்து அங்கேயே இருந்தது. கார் சாவியை மேஜை மேல் தள்ளினார். அவர்கள் இல்லாத நாளாக இருந்தால் தள்ளியிருப்பாரா என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம்.

27.2.2006

முனையை எடுத்துவிட்டார்கள். கை பிழைத்தது. விரலும் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நுனி மூட்டு மட்டும் இனி மடங்காதாம்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். "உங்க மேல கோவமில்லீங்க அம்மிணி. உடம்பப் பாத்துக்குங்க. நாளையிலருந்து நீங்க வரவேண்டாமுங்க." எங்கள் ஊரில் சீட்டைக் கிழித்தாலும் 'ங்க' போட்டுத்தான் கிழிப்பார்கள். நானும், "சரிங்க" என்றேன்.

3.3.2006

ரோஸ்மேரியையும் நிறுத்திவிட்டார்கள். அவள் சொன்னதுதான் நடந்தது.

17.4.2006, திங்கள்

பெருமாநல்லூரில் ஒரு கம்பெனி. செக்கிங் வேலை. சூப்பர்வைசர் இல்லை, வெறும் செக்கர். என்னோடு ரோஸ்மேரியையும் சேர்த்துவிட்டேன். தைப்பதற்கு அவளுக்கு விரல் ஒத்துழைக்கவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி பார்க்கிறாள். நான் அவள் கையைப் பார்ப்பதில்லை. பழைய கம்பெனிக் கதை எதையும் இங்கே திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு சிரமம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இன்று டீக்கு முன்னால் அயர்னிங் பக்கம் ஒரு பெண் வலிப்பு வந்து விழுந்தாள். கூட்டம் கூடியது. சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஒருவர், வாயில் கரண்டி வைக்க இன்னொருவர். "முதலுதவி தெரிஞ்சவங்க யாராச்சு இருக்கீங்களாங்க?" என்று மேனேஜர் கத்தினார்.

நான் கைக்குழந்தைக்கான ஒரு பாடி ஸூட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரொம்பக் கவனமாக ஓட்டை தேடினேன்.

"இந்த அக்காவுக்குத் தெரியும்" என்றாள் ரோஸ்மேரி.

கையை நீட்டிக் காட்டினாள். மடங்காத விரல் அல்லவா, நேராக என்னையே காட்டியது.

துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.