புவா பாலா தேத்தண்ணி

இன்று காலை ஜாதிப்பழத்தின் சதையைச் சீவி உப்புப் பிசறி வைத்தேன். கை முழுக்க அந்த வாசனை. இரண்டு முறை கழுவியும் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் நானும் அரைகுறையாகக் கழுவினேன். உள்ளே இருக்கும் கொட்டைக்குத்தான் உலகம் முழுக்க மதிப்பு. மேலே இருக்கும் மஞ்சள் சதையை நாகப்பட்டினத்தில் நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதைப் போட்டுத் தேத்தண்ணி வைக்கலாம் என்று எனக்குச் சொன்னவள் நீ. வருகிற தை வந்தால் நீ போய் ஒரு வருஷம். நான் அடுப்படிப் பக்கம் வந்தாலே விரட்டுவாய், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. இப்போது விரட்ட ஆளில்லாததால் எனக்கும் சமையல் கொஞ்சம் வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். நான் நாகப்பட்டினத்திலிருந்து இந்த மலாய்ச் சீமைக்குக் கப்பலேறி வந்தவன். நீ இங்கேயே, சுண்ணாம்புக் கம்பம் என்கிற பேட்டையில் பிறந்தவள். எனக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை, சரக்குக்குச் சீட்டு எழுதுவது. ஊருக்குப் போகும் கப்பல் ஒவ்வொன்றும் என் கண்ணெதிரேதான் புறப்படும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எல்லாவற்றிலும் குறை சொல்வேன். மழை பெய்தால் குறை, வெயிலடித்தால் குறை, நீ வைக்கும் மீன்குழம்பில் குறை. "போகப்போறவனுக்கு இந்தப் பாஷை எதுக்கு மாமா?" என்று உன் அப்பாவிடமே சொல்லி, மலாயில் ஒரு வார்த்தை கற்காமல் திரிந்தேன். என்ன திமிர் பார்.

நீ மூன்று மாதம் முழுகாமல் இருந்தபோது என் சித்தப்பாவின் கடிதம் வந்தது. நாகப்பட்டினத்தில் எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருப்பதாகவும், உன்னை அழைத்துக்கொண்டு அடுத்த கப்பலில் வந்துவிடும்படியும் எழுதியிருந்தார். பிள்ளை அங்கே பிறக்கட்டும் என்றும் ஒரு வரி. உன்னிடம் படித்துக் காட்டினேன். "உங்க இஷ்டம்," என்றாய். அதன் பிறகு பத்து நாள் நீ சரியாகப் பேசவில்லை. உன் அப்பா அம்மா, அண்ணன்மார், நீ சிரித்துப் பேசும் பாதி மலாய், எல்லாமே இங்கே. அங்கே உனக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தெரியாதவன்போல் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு வாந்தி ஓயவில்லை. சோறும் இறங்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. "வாய்க்குப் புளிப்பா ஏதாச்சும் வேணும். புவா பாலா வாங்கிட்டு வாங்க, பட்ட கிராம்பு போட்டுத் தேத்தண்ணி வச்சுக்கறேன்," என்றாய். புவா என்றால் பழம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பாலா என்றது பலாவைத்தான் என்று முடிவு கட்டினேன். இங்கே பிறந்தவர்களுக்குக் குறிலேது, நெடிலேது. புளிப்பு கேட்டவளுக்குப் பலாச்சுளையா, அதைப் போட்டுத் தேத்தண்ணியா என்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. இந்த ஊர்க்காரர்கள் எதைத்தான் செய்ய மாட்டார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

சிராங்கூன் சாலையில் பழக்கூடை வைத்திருந்த மலாய்க்கார அம்மாளிடம் போய் ஒரு பலாப்பழத்தைக் காட்டி விரலை நீட்டினேன். "நங்கா? நங்கா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர்கள் பாஷையில் பலாவுக்கு அதுதான் பேர் என்று எனக்கு என்ன தெரியும்? பெரிதாகத் தலையாட்டினேன். மாட்டு வண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவே, ஆட்டுக்குட்டி பருமனில் ஒரு பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு, சட்டையெல்லாம் பால் பிசுபிசுக்க வீடு வந்து சேர்ந்தேன்.

நீ என்னையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"இது என்னங்க?"

"நீ கேட்ட பலா."

"நான் பாலா கேட்டேன். ஜாதிக்கா."

பத்து நாள் கழித்து அப்போதுதான் சிரித்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாய்.

"ரெண்டு வருஷமாச்சு. ஜாதிக்காய்க்குக்கூட இங்க என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியல. இங்க இருக்கற எதுவும் உங்களுக்கு வேணாம். அப்ப நானு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பழத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மறுபடி அதே அம்மாளிடம் போய், "புவா பாலா," என்றேன். அவர் ஜாதிப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். கூடையில் இருந்த மற்றதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகத் தொட, அவர் பெயர் சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன். சாலையோரத்தில் நின்றபடியே ஏழெட்டுப் பெயர்களைக் கற்றுக்கொண்டேன்.

அடுப்புப் புகை உனக்கு ஆகவில்லை. நீ பின்வாசலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். சதையை மெல்லிசாகச் சீவி, உப்புப் பிசறி, துவர்ப்பு போகப் பிழிந்தேன். பட்டை, இரண்டு கிராம்பு, தட்டிய இஞ்சியோடு அதைக் கொதிக்க வைத்து, குலா மலாக்கா வெல்லத்தைப் போட்டேன். தேயிலையைக் கையில் எடுத்ததும் நீ தடுத்தாய். "பொறுங்க லா. சட்டிய இறக்கி வச்சுட்டுப் போடுங்க. தேயிலையக் கொதிக்க விட்டா உங்கள மாதிரி ஆயிடும், தொட்டதுக்கெல்லாம் கசக்கும்." வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயமான பேச்சுதானே.

நீ இரண்டு குவளை குடித்தாய். வயிற்றில் தங்கியது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பொழுது சாய்வதற்குள் சித்தப்பாவுக்குப் பதில் எழுதி, அதையும் உன்னிடம் படித்துக் காட்டினேன். வேலை வேண்டாம், நாங்கள் வரவில்லை, பிள்ளை இங்கேயே பிறக்கட்டும்.

"நெசமாவா?"

"நெசம்."

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் ஏதோ சொன்னாய். என்ன என்று கேட்டேன். "கத்துக்கிட்டு வாங்க, தன்னால தெரியும்," என்றாய். ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அன்று உன் வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. போன வாரம் வந்திருந்தாள். நான் தனியாகக் கிடக்கிறேனே என்று அவளுக்குக் கவலை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், சொன்னால் நம்புவதில்லை.

"அப்பா, ஒரு தடவ ஊருக்குப் போயிட்டு வாங்களேன். மனசுக்கு நல்லாருக்கும்," என்றாள்.

"எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டேன்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மலாக்காவைச் சொல்கிறாளா, பினாங்கைச் சொல்கிறாளா என்று உண்மையிலேயே யோசித்தேன். நாகப்பட்டினம் என்று அவள் எடுத்துச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.