மாட்டுக்குச் சீனச் சொல்

6 நவம்பர் 2006, திங்கள்
ஈரப் பனி. மோர்டென்ஸ்ருட்டில் ரயில் தாமதம், ஓட்டமும் நடையுமாக வேலைக்கு. முதியோர் இல்லச் சமையலறையில் லின் எனக்கு முன்பே வந்து கரட் வெட்டிக்கொண்டிருந்தாள். சீனத்தி. பக்கத்து மேசை. அவளுடைய நோர்வேஜிய மொழியும் என்னுடையதும் ஒரே நொண்டி.

இடைவேளையில் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை நீட்டினாள். வழக்கம்போலக் கேட்டேன்: "நியோ?" இல்லையாம், கோழியாம். சிரித்தாள். இரண்டு எடுத்தேன்.

நியோ என்றால் மாடு. வேலைக்கு வந்த புதிதில் நானே கேட்டுப் படித்த சொல். ஆவி படிந்த யன்னலில் கொம்போடு கீறிக் காட்டிச் சொல்லித் தந்தாள். மாட்டிறைச்சி தவறியும் வாயில் பட்டுவிடக் கூடாதே! கேள்வி மாதிரி உயர்த்திச் சொல்ல வேண்டும். அதில் நான் கெட்டிக்காரியாம்.

வாங்க: தேங்காய்ப்பால், சின்னவளுக்குக் கையுறை.

8, புதன்
லின் போகிறாள். புருஷனுக்கு ஹம்மர்பெஸ்டில் மீன் வேலை. நாட்டின் வடக்குத் தொங்கல். வெள்ளிதான் கடைசி நாள். "நல்லது" என்றேன். நல்லதாம்! என்ன மனுசி நான்? வெள்ளிக்குள் ஒழுங்காக நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஒரு சீலை குடுமன்." அவள் சீலையை வைத்து என்ன செய்வாள்.

10, வெள்ளி
நல்ல குளிர். முழுகி, விளக்கு வைத்துவிட்டு ஓட்டம். சொல்ல நினைத்ததை ரயிலில் மனதுக்குள் கோர்த்துக்கொண்டு போனேன்.

மதியம் லின் பெரிய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். பாழாய்ப்போன வாய். "நியோ?"

அவள் சிரிக்கவில்லை. "நான் ஒருநாளாவது உனக்கு அதைத் தந்தேனா?" மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தைக் காட்டினாள். "இது உனக்கு வேறாகச் செய்தது. மரக்கறி மட்டும். முட்டையும் இல்லை. இன்று வெள்ளி."

என் வெள்ளிக்கிழமை மரக்கறியைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

சாப்பிட்டேன். கோர்த்து வைத்ததில் ஒரு வசனமும் வரவில்லை. அவளே வந்து கட்டிப்பிடித்தாள். போய்விட்டாள்.

இவர்: "உமக்கு எப்பவும் வாய்தான் முந்தும்." ஓம், உண்மைதான். வெட்கமாக இருக்கிறது.

13, திங்கள்
மழை. லின்னின் மேசையில் புதுப் பெண், போலந்துக்காரி. வெங்காயத்தைத் தடிப்பாக வெட்டுகிறாள். லின் எங்களுக்கெல்லாம் நீட்டிவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தபடியே நிற்பாள். சாப்பிட்டியா என்று அவளை நான் எந்த மொழியிலும் ஒருநாளும் கேட்டதில்லை.