பெலிக்ஸ் வந்தால் கதவைத் திறங்கள்

என்னங்க,

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறேன். குழம்பு அடுப்பில் இருக்கிறது.

‘நாய் திருடன், உஷார்’ என்று நீங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தில் இருப்பவர் பெலிக்ஸ். நம் நாய் ராணிக்குச் சாயங்காலம் ஊசி போட வரப்போகிறவர். வைத்தியம் முடிந்த நாயைத் திருப்பிக் கொடுக்கத்தான் வண்டியில் வைத்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சோழபுரத்தில், “ஏலே, யார் வீட்டு நாயைக் கொண்டு போற?” என்று சட்டையைப் பிடித்துவிட்டார்களாம். அவர் மனைவி பரிபூரணம் போனில் அழுதாள்.

நான் சத்தம் போட்டதும் படத்தை அழித்துவிட்டீர்கள். ஆனால் அழிந்தது நம் குழுவில் மட்டும்தான். அங்கிருந்து மற்றவர்கள் அனுப்பியவை தனித்தனிப் பிரதிகள். அவற்றை நம்மால் அழிக்க முடியாது. அதனால், ‘விசாரிக்காமல் போட்டது என் தப்பு, அவர் நாய்களுக்கு ஊசி போடுகிறவர்’ என்று அதே குழுவில் எழுதுங்கள். படத்தை அனுப்பியவர்கள் இதையும் அனுப்பட்டும். பொய் போன வழியிலேயே உண்மையும் போகும்.

அவர் வந்ததும் காப்பி போட்டுக் கொடுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

ராணி மேல் உள்ள பிரியத்தில்தான் பயந்துபோய் அனுப்பினீர்கள் என்று தெரியும். கோபம் போய்விட்டது. பால்கோவா வாங்கி வருகிறேன்.

இன்னொன்று: பெலிக்ஸும் ராணியும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றையும் குழுவில் போடுங்கள். இந்த முறை அவரிடம் கேட்டுவிட்டு.

ஈஸ்வரி